நான் வாசிக்காமல் விட்ட வரி

என் மடியில் வளர்ந்த தம்பி நாயகத்துக்கு,

நீ போன பிறகு வந்த நாலாவது ஆடித்தபசுத் திருவிழாவும் முடிந்துவிட்டது. கூட்டத்துக்காகக் கட்டிய மூங்கில் தடுப்பை நேற்றுத்தான் அவிழ்த்தார்கள். அது உன் கடை வாசலை மறித்துக்கொண்டு நின்றதில் ஐந்து நாள் வேலை இல்லை. இப்போது பனவடலிசத்திரத்திலிருந்தும் குருவிகுளத்திலிருந்தும் எரிந்துபோன பம்புசெட் மோட்டார்கள் வந்து வாசல்படிவரை உட்கார்ந்திருக்கின்றன. இந்த வருஷம் கிணறுகளில் தண்ணீர் கீழே போய்விட்டது. மோட்டார் தாகத்தில் எரிகிறது என்பாயே, அதேதான்.

உன் மெக்கானிக் சங்கத்தார் ஆண்டு மலருக்கு உன்னைப் பற்றி ஒரு பக்கம் கேட்டு வந்தார்கள். "அக்கா, நாயகம் அண்ணாச்சியப் பத்தி நாலு நல்ல வார்த்த எழுதிக் குடுங்க. நீங்க எழுதுனா திருத்த வேண்டிய வேலையே இருக்காதுல்லா" என்றார் செயலாளர். நல்ல வார்த்தை எழுத எனக்குத் தெரியும். தாலுகா ஆபீஸில் முப்பது வருஷம் பிறர் பெயரில் அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். உனக்கு எழுத வேண்டியது அது இல்லை. ஒரு வரியும் வெட்டாமல் போடுவதானால் தருகிறேன் என்றேன். சரி என்றிருக்கிறார். படித்த பிறகும் சரி என்பாரா, தெரியவில்லை.

முதலில் உன் மகளைப் பற்றிச் சொல்கிறேன். கடையை ஆவுடைதான் நடத்துகிறாள். பாலிடெக்னிக்கில் படித்ததும் உன் பக்கத்தில் உட்கார்ந்து மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றிப் பழகியதும் வீண்போகவில்லை. பெண்பிள்ளை கையில் மோட்டாரைக் கொடுக்கத் தயங்கியவர்களே இப்போது அவளைக் கேட்டுத்தான் வருகிறார்கள். அவள் உடம்பில் வார்னிஷ் வாடை போகவே மாட்டேனென்கிறது என்று செண்பகத்துக்குக் குறை. செண்பகம் நன்றாக இருக்கிறாள் என்று எழுத எனக்கு ஆசை. உன் மனைவி இன்னும் உன் தட்டில்தான் சாப்பிடுகிறாள்.

இரண்டு மாதத்துக்கு முன் ஆவுடைக்கு அடிக்கடி தலைவலி வந்தது. அப்பாவின் கதையைக் கேட்டார் டாக்டர். அப்பாவைப் பெற்றவளும் அடுப்படியில் தலையைப் பிடித்துக்கொண்டு விழுந்து அன்றே போனவள் என்று தெரிந்ததும், குடும்பத்தில் எல்லோரும் ஸ்கேன் எடுங்கள் என்றார். எனக்கும் எடுத்தார்கள். எழுபத்தாறு வயதுக்காரியின் தலையில் ஒரு குறையும் இல்லையாம். இவ்வளவு அநியாயமான நல்ல செய்தியை நான் என் ஆயுளில் கேட்டதில்லை. ஆவுடைக்கு இருந்தது. உனக்கு இருந்த அதே பக்கம், அதே ரத்தக்குழாய். கடலைப்பருப்பு அளவுக்கு ஒரு குமிழ்.

நாயகம், உனக்கு அந்த டாக்டர் படத்தில் காட்டியது நினைவிருக்கிறதா? ரத்தக்குழாயின் சுவர் ஓரிடத்தில் மெலிந்து பலூன்போல உப்பியிருக்கிறது, உடைந்தால் உயிருக்கு ஆபத்து, மண்டையோட்டைத் திறந்து குமிழின் கழுத்தில் சின்னதாக ஒரு கிளிப்பை மாட்டிவிட்டால் அதற்குள் ரத்தம் போகாது என்று பொறுமையாகச் சொன்னார். நீ என் பக்கம் திரும்பினாய். "இன்சுலேஷன் போன வயர்க்கா. அவ்வளவுதான்." டாக்டரே சிரித்துவிட்டார். எட்டாம் வகுப்பு படித்த என் தம்பி எவ்வளவு சரியாகப் பிடித்துவிட்டான் என்று எனக்குப் பெருமை. அந்தப் பெருமையோடுதான் பிறகு ஆபரேஷனுக்கான காகிதத்தைக் கையில் வாங்கினேன்.

நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். படிக்கிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று சொல்கிறேன். அப்பா என்னைப் பாளையங்கோட்டையில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் விடுதியோடு சேர்த்துப் படிக்கவைத்தார். உன்னைப் பட்டறைக்கு அனுப்பினார். பெண்ணைப் படிக்கவைத்து ஆணை நிறுத்திய வீடு எங்கள் தெருவில் எங்களுடையது ஒன்றுதான். நீ அதற்காக ஒருநாளும் முகம் கோணியதில்லை. அன்றிலிருந்து இங்கிலீஷில் எது வந்தாலும் "அக்காகிட்ட குடுங்க" என்பதே சட்டம். பத்திரம், பாங்கு நோட்டீஸ், மருந்துப் பெட்டிக்குள் மடித்துவைத்த சீட்டு, துபாய்க்குப் போகிற பக்கத்து வீட்டுக்காரனின் வேலை ஒப்பந்தம், எல்லாம் என் மேசைக்கு வரும். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசிப்பேன். எல்லோரும் என் வாயையே பார்ப்பார்கள். அந்தப் பார்வை எனக்குப் பிடித்திருந்தது.

புதிய மாடல் மோட்டார் வந்தால் அதன் கையேட்டைத் தூக்கிக்கொண்டு வருவாய். ஒருமுறை பக்கத்தின் அடியில் இருந்ததை விட்டுவிட்டு நான் தாளைத் திருப்பினேன்.

"ஏக்கா, கீழ என்னமோ எறும்பு ஊருத மாதிரி கெடக்கே, அது என்ன?"

"அது ஒண்ணும் பெருசா இல்லலே."

"பொடி எழுத்துலதான்க்கா விஷயம் இருக்கும். பெரிய எழுத்துல இருக்கது கம்பெனிக்காரன் பெருமை. அத வாசி."

வாசித்தேன். எந்த வயரை எதோடு சேர்க்கவே கூடாது என்பது அங்கேதான் இருந்தது. நீ சிரித்தாய். "இத கான்வென்ட்ல சொல்லித் தரலியாக்கும்."

மதுரை ஆஸ்பத்திரியில், ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம், ஒப்புதல் படிவம் வந்தது. மூன்று பக்கம், எல்லாம் இங்கிலீஷ். "படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க. சந்தேகம் இருந்தா டாக்டரக் கூப்பிடுதேன்" என்று சொல்லிவிட்டு நர்ஸ் போனாள். நீ கட்டிலில், செண்பகம் உன் காலடியில், நான் ஜன்னல் வெளிச்சத்தில். சீழ் பிடிக்கலாம் என்று வாசித்தேன். வலிப்பு வரலாம், பேச்சு குழறலாம், கிளிப் நழுவலாம், கை கால் மரத்துப்போகலாம் என்று வாசித்தேன். ஒவ்வொன்றுக்கும் உன் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. பல் பிடுங்கப் போன இடத்தில் ஊசியைப் பார்த்ததும் எழுந்து, செருப்பைக்கூட மறந்து, வெறுங்காலோடு வீட்டுக்கு வந்தவன் நீ.

இரண்டாம் பக்கத்தின் அடியில், மற்றவற்றைவிடச் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. அறுவை செய்த இடத்துக்குத் தொலைவில், மூளையின் வேறொரு பகுதியில், மிக அரிதாக ரத்தக்கசிவு ஏற்படலாம், அது உயிருக்கு ஆபத்தாகவும் முடியலாம் என்று.

அதைப் படித்தேன். புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை, நன்றாகவே புரிந்தது. மிக அரிதாக என்ற இடத்தில் என் கண் நின்றது. அரிதாக வருவது நமக்கு எதற்கு வரப்போகிறது என்று நினைத்தேன். இதையும் கேட்டால் நீ எழுந்து ஊருக்குக் கிளம்பிவிடுவாய், அந்தக் குமிழ் பஸ்ஸிலேயே உடைந்துவிடும் என்று நினைத்தேன். தாளைத் திருப்பினேன்.

"அவ்வளவுதானாக்கா?"

"அவ்வளவுதான்லே. போடு."

கோமதிநாயகம் என்று முழுப் பெயரையும் எழுதி, கடைசிப் புள்ளியை அழுத்தி வைத்தாய். பொடி எழுத்தைப் பற்றி அன்று நீ கேட்கவில்லை. பயத்தில் மறந்தாயா? அக்கா ஒருமுறை விட்டாள், இன்னொருமுறை விடமாட்டாள் என்று நம்பினாயா? கேட்டிருந்தால் நான் வாசித்திருப்பேனா?

ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. கிளிப் சரியாக உட்கார்ந்தது, குமிழ் அடைபட்டுவிட்டது என்று டாக்டர் வெளியே வந்து சொன்னார். மறுநாள் காலை அரை இட்லி தின்றாய். சாம்பாரில் உப்பில்லை என்றாய். மத்தியானம் பிடரி கனக்கிறது, சுவர் சுற்றுகிறது என்றாய். "ஆபரேசன் பண்ணுன தல வலிக்காம பின்ன என்ன செய்யும்? பேசாமப் படுலே" என்று அதட்டினேன். நீ எனக்குப் பயந்து பேசாமல் படுத்தாய். பிறகு வாந்தி எடுத்தாய். பிறகு கூப்பிட்டதற்குப் பதில் இல்லை. நர்ஸைத் தேடி ஓடியது செண்பகம்தான்.

ஸ்கேனில், நெற்றிப் பக்கம் திறந்த இடம் சுத்தமாக இருந்தது. ரத்தம் பின்னால், சிறுமூளையில். "ஆபரேஷன் பண்ணுன இடத்துல இல்லம்மா. நாங்க தொடவே தொடாத இடம்" என்றார் டாக்டர். ஆபரேஷனின்போது மூளையைச் சுற்றியுள்ள நீர் வடிவதால் மூளை கொஞ்சம் கீழே இறங்குகிறது, பின்னால் இருக்கும் மெல்லிய நாளங்கள் இழுபட்டுக் கசிகின்றன, அப்படித்தான் நினைக்கிறோம், உறுதியாகத் தெரியாது என்றார். பலருக்குத் தானாகவே சரியாகிவிடுமாம். உனக்கு ஆகவில்லை. "பேப்பர்லயும் போட்டிருந்தோம்மா, ரொம்ப அபூர்வம்னு" என்றபோது நான் தலையை ஆட்டினேன். அவர் எதையும் மறைக்கவில்லை. செண்பகம் காதில் அது விழவில்லை. அவள் உன் சட்டையை மடித்து மார்போடு பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள். மறுபடியும் திறந்தார்கள். பதினோரு நாள் இருந்தாய். ஒரு வார்த்தை பேசவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்களிடம், "யாருக்கும் தெரியாத ஒண்ணு வந்துட்டு, என்ன செய்ய" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உன் அத்தான் போனபோதுகூட நான் அவ்வளவு பேசியதில்லை. வந்தவர்களும், "படிச்ச அக்கா கூட இருந்து எல்லாம் பாத்தும் விதி விடலியே" என்றார்கள். அந்த வார்த்தையை நான் மறுக்கவில்லை, வாங்கி வைத்துக்கொண்டேன். அதன் பிறகு யார் காகிதம் கொண்டுவந்தாலும் கண்ணில் புரை என்று திருப்பி அனுப்பினேன். புரையை எடுத்து மூன்று வருஷம் ஆகிறது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

போன மாதம் ஆவுடைக்குத் தேதி குறித்தார்கள். இப்போது படிவம் தமிழிலும் இருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுபோய் நிதானமாகப் படித்துவிட்டு வாருங்கள் என்கிறார்கள். ஒன்பது நாளைக்கு முன் அவள் அதைப் படித்து, ஒரு வரியின் கீழே பேனாவால் கோடு போட்டு, அடுத்த வீட்டிலிருக்கும் என்னிடம் கொண்டுவந்தாள்.

"அத்த, அப்பாவுக்கு வந்தது இதானே?"

"ஆமா."

"அப்பம் அப்பா பேப்பர்லயும் இந்த வரி இருந்துச்சா?"

பொய் சொன்னால் ஒரு பாடவேளை முழுக்க முழங்காலில் நிற்கவைத்த பள்ளியில் படித்தவள் நான். என்ன சொன்னேன் தெரியுமா? "நெனவில்ல ஆவுடை. நாலு வருசம் ஆச்சுல்லா." அவள் "சரி அத்த" என்று காகிதத்தை மடித்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலை கடை திறந்ததுமே அங்கே போனேன். சொல்லிவிட வேண்டும் என்று போனேனா, சும்மா போனேனா, இப்போதும் எனக்குத் தெளிவில்லை. வாசுதேவநல்லூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் மோட்டாரை இறக்கிவைத்துவிட்டு அவளோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார்.

"ரெண்டு காயில்தானம்மா எரிஞ்சிருக்கு. அத மட்டும் மாத்து. முழுசும் எதுக்குச் சுத்தணும்?"

"மாத்துதேன் அண்ணாச்சி. ஒண்ணு மட்டும் சொல்லிருதேன், கேட்டுக்கிடுங்க. எரிஞ்சத உருவையில பழைய வயரெல்லாம் அசையும். நான் கை வைக்காத எடத்துல பொறவு போனாலும் போகும். எப்பமும் போகாது, எப்பமாவது ஒண்ணு போகும். அப்பம் வந்து, நீ சொல்லவே இல்லியேன்னு நிக்கக் கூடாது."

"ஒங்கப்பனும் இதத்தான் சொல்லுவான். ரிக்கார்டு போட்ட மாதிரி."

"அவுக சொன்னதத்தான் நானும் சொல்லுதேன். கேட்டாச்சுல்லா? வைக்கதுன்னா வைங்க, இல்லன்னா தூக்கிட்டுப் போங்க."

அவர் பிடரியைச் சொறிந்துகொண்டார். "தூக்கிட்டு எங்கன போக? வையி. காலங்காத்தால பயங்காட்டாத."

நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். நீ இதைச் சொல்லி நூறு தடவை கேட்டிருக்கிறேன் நாயகம். கை வைக்காத இடத்தில் போனாலும் போகும். பொடி எழுத்தில் இருந்த அந்த வரி இதுதானே? உனக்கு அதை வாசித்திருந்தால் நீ செருப்பை மறந்து ஓடியிருக்கமாட்டாய். அந்த ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர்களில் அதை உன்னைப்போலப் புரிந்துகொள்ளக்கூடியவன் வேறு யாரும் இருந்திருக்கமாட்டான். முன்பின் தெரியாத விவசாயியிடம்கூட அதைச் சொல்லிவிட்டுத்தான் நீ மோட்டாரைத் திறப்பாய். உன்னை மட்டும் நான் சொல்லாமல் உள்ளே அனுப்பினேன்.

அவர் போனதும் சொன்னேன். "இருந்துது ஆவுடை. அந்த வரி இருந்துது. நாந்தான் வாசிக்கல."

அவள் கையிலிருந்த வயரைக் கீழே போடவில்லை. எண்ணிக்கொண்டிருந்த சுற்றை முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"தெரியும் அத்த. நேத்தே தெரிஞ்சுட்டு. நெனவில்லன்னு நீங்க சொல்லி நான் கேட்டதே இல்ல. அப்பா போனதுல இருந்து நீங்க யாருக்கும் ஒரு பேப்பர் வாசிக்கலன்னும் எனக்குத் தெரியும்."

"ஒன் அம்மைக்கு..."

"அம்மைக்குத் தெரியாது. நான் சொல்ல மாட்டேன். நீங்க என் பேப்பர அவளுக்கு வாசிங்க. மொதல்ல இருந்து கடைசி வரைக்கும்."

அன்று மத்தியானமே வாசித்தேன். செண்பகம் எதிரே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஆவுடை கதவில் சாய்ந்து நின்றாள். அந்த வரி வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தேன். "இது நாயகம் பேப்பர்லயும் இருந்துது செண்பகம். நான் வேணும்னுதான் விட்டேன். அவன் பயந்துருவான்னு விட்டேன்" என்றேன்.

"இன்னொருக்க வாசிங்க மதினி."

வாசித்தேன். அவள் இரண்டு வெங்காயம் உரித்தாள்.

"இதக் கேட்டிருந்தா அவுக ஆபரேசன் வேண்டாம்னு சொல்லியிருப்பாகன்னு நெனக்கேளா?"

"தெரியல."

"சொல்லியிருக்க மாட்டாக. கையெழுத்துப் போட்டுத்தான் இருப்பாக. எனக்குத் தெரியும்."

எனக்கு மூச்சு வந்தது. அந்த மூச்சை முழுதாக விடக்கூட அவள் இடம் கொடுக்கவில்லை.

"ஆனா எங்கிட்ட ரெண்டு வார்த்த பேசிட்டுப் போயிருப்பாக. எல்லாத்தயும் நீங்க வாசிச்சிட்டீய, உசுருக்கு ஒண்ணுமில்லன்னு நெனச்சு, காலையில பேசிக்கிடலாம் படு புள்ளன்னு திரும்பிப் படுத்துட்டாக."

காலையில் உன்னைத் தள்ளுவண்டியில் கொண்டுபோகும்போது அவள் குழாயடியில் என் பிளாஸ்க்கைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான்தான் அனுப்பியிருந்தேன். ஆபரேஷனுக்கு மறுநாள் நீ பேசிக்கொண்டிருந்த அரை நாளும் உன் கட்டிலை விட்டு நான் நகரவில்லை.

நாயகம், நான்கு வருஷமாக உன் உயிருக்கு மட்டும்தான் நான் குற்றவாளி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உன் உயிரை அந்த வரி காப்பாற்றியிருக்காது என்று உன் மனைவியே சொல்லிவிட்டாள். ஆனால் உன் கடைசிச் சாயங்காலத்தை அவளிடமிருந்து நான்தான் எடுத்துக்கொண்டேன். எட்டு நாளாக அவள் என்னோடு பேசவில்லை. காலையில் காபி மட்டும் வருகிறது. சர்க்கரை சரியாக இருக்கிறது.

ஆவுடை கையெழுத்துப் போட்டுவிட்டாள். பயமில்லையா என்று கேட்டேன். "இருக்கு அத்த. எதுக்குப் பயப்படுதேன்னு தெரிஞ்சு பயப்படுதேன், அது பரவால்ல" என்றாள். வரும் செவ்வாய்க்கிழமை அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டர். அவளுக்கு எப்படி ஆகும் என்று அவருக்கும் தெரியாது. உனக்கு அங்கே தெரியுமா? தெரிந்தால் என்னிடம் சொல்லாதே, நான் இன்னும் நம்பத் தகுந்தவள் ஆகவில்லை.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. பதில் சொல்ல முடிகிறவளிடம்தான் அதைக் கேட்க வேண்டும். அவள் அடுத்த வீட்டில் இருக்கிறாள், நான் காத்திருக்கிறேன். இந்த மலரைப் படிக்கிறவர்கள் வீட்டிலும் மற்றவர்களுக்குக் காகிதம் வாசித்துச் சொல்கிற ஒருவர் இருப்பார். அவர் காதிலும் விழட்டும் என்றுதான் உனக்கு எழுதியதை ஊர் பார்க்கக் கொடுக்கிறேன்.

உனக்கு ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். திங்கட்கிழமை சாயங்காலம் அந்த அறையில் ஆவுடையும் செண்பகமும் மட்டும்தான் இருப்பார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். யாரையும் எந்த வேலைக்கும் அனுப்பமாட்டேன். அவர்கள் பேசி முடிக்கும்வரை அந்தக் கதவை யாரும் தட்டாமல் பார்த்துக்கொள்வேன், நானும் தட்டமாட்டேன். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் பிடரி கனக்கிறது என்று முனகினால் அதட்டமாட்டேன். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு நானே ஓடுவேன்.

நீ கேட்காமலே நம்பிய உன் அக்கா,
உலகம்மாள்
சங்கரன்கோவில்